ஒட்டுப் போர்வையும் அரை நூலும்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், பெட்டியின் அடியில் பழைய பருத்திப் புடவைகள் சில மடிந்து கிடப்பதைக் காணலாம். தாயார் உடுத்தியது ஒன்று இருக்கும். பாட்டியார் உடுத்தியது ஒன்று இருக்கும். உடுத்துவதற்கு அவை இனி உதவா. எறிவதற்கோ மனம் வருவதில்லை. அத்தகைய துணியைக் கொண்டு போர்வை தைக்கும் வழக்கம் நாம் குடியேறிய பல மாநிலங்களிலும் தொன்றுதொட்டு உண்டு. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி ஆகிய யாவும் பழந்துணிக்கு மறுபிறவி அளித்த பெண்களின் கைவேலையே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டு துண்டாக உள்நோக்கி வந்து, நடுவில் முடிப்பது அவர்களுடைய முறை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட முறை இதற்கு நேர் எதிரானது. நடுவில் தொடங்கி வெளிநோக்கி வளர்வது அது. அமெரிக்க நாட்டில் பெரிதும் பரவிய அந்த அமைப்புக்கு 'லாக் கேபின்' என்று பெயர். மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய குடில் என்பது அதன் பொருள். தில்லிக் குளிரில் ஒரு குழந்தைக்குப் போர்த்துவதற்காக, எங்கள் நான்கு குடும்பத்துத் தாய்மாரின் புடவைகளைக் கொண்டு இவ்வகைப் போர்வை ஒன்றைத் தைக்க நாங்கள் நால்வர் முற்பட்டோம். முதல் முயற்சி தோற்றது. ஏன் தோற்றது, பின்னர் எவ்வாறு சீர்ப்பட்டது என்பதை உள்ளவாறே சொல்வதுதான் இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். நடுவே சிறிய சதுரத் துணி ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் ஒரு துணிப்பட்டையைத் தைத்து விரிக்கிறோம். அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டை, அதற்கடுத்த பக்கத்தில் மற்றொன்று என்று ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகிறோம். நான்கு பட்டைகள் சேர்ந்தது ஒரு சுற்று. இவ்விதம் மூன்று அல்லது நான்கு சுற்று முடிந்ததும் ஒரு கட்டம் தயாராகிறது. பல கட்டங்களை இணைத்தால் போர்வையின் மேற்பரப்பு உருவாகும். கட்டத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிர்நிறப் பட்டைகளும், எஞ்சிய இரு பக்கங்களில் அடர்நிறப் பட்டைகளும் அமைய வேண்டும். அப்போது கட்டம் மூலைக்கு மூலை பிளந்தாற்போல், ஒரு பாதி ஒளியும் மறு பாதி நிழலுமாகத் தோன்றும்.

இந்த ஒளியையும் நிழலையும் எத்திசையில் திருப்பி அடுக்குகிறோமோ, அதற்கேற்பப் போர்வை முழுவதற்கும் ஒரு கோலம் அமைகிறது. வைரக்கட்டி போன்ற வடிவங்கள் ஒன்றையொன்று சூழ்ந்து விரியுமாறு அடுக்கினால் அதைக் 'களஞ்சியம் எழுப்புதல்' என்று பொருள்படும் பெயரால் அமெரிக்கர் அழைக்கின்றனர். சாய்ந்த கோடுகளாக அடுக்கினால் 'நேர் உழவுச்சால்' என்று பொருள்படும் பெயர். உழவரின் வாழ்க்கையிலிருந்து எழுந்த பெயர்கள் இவை. நடுச் சதுரத்தைச் சிவப்புத் துணியில் வைப்பது மரபு. குடிலின் நடுவே எரியும் கணப்படுப்பை அது குறிக்கும் என்று கூறுவர்.

இவ்வமைப்பு அந்நாட்டில் 1860-களில் பெரிதும் பரவத் தொடங்கியது. கென்டக்கியில் ஒரு மரக்கட்டைக் குடிலில் 1809-ஆம் ஆண்டில் பிறந்த ஆபிரகாம் லிங்கன், 1860-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி பெற்றுக் குடியரசுத் தலைவரானார். அவருடைய புகழோடு இப்போர்வையின் பெயரையும் சேர்த்துப் பேசுவது அந்நாட்டு வழக்கம்.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருவோம். நாற்பது அங்குல நீளமும் நாற்பது அங்குல அகலமும் கொண்ட போர்வை எங்கள் திட்டம். ஒரு கட்டம் பத்து அங்குலச் சதுரம், பதினாறு கட்டங்கள். நால்வரும் ஆளுக்கு நான்கு கட்டங்களை அவரவர் வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைப்பதென்று பிரித்துக்கொண்டோம். ஒரு மாத காலத்தில் வேலை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாறையும் தரையில் பரப்பினோம். பார்த்த கண்ணுக்கு அழகாகவே இருந்தன. ஒன்றோடொன்று சேர்த்து ஊசி குத்த முயன்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நான்கு புறமும் தையலுக்காக விடும் ஓரத்தையும் சேர்த்து ஒவ்வொரு கட்டமும் 10½ அங்குலம் இருக்க வேண்டும். எங்களுள் ஒருவருடைய கட்டங்கள் மட்டுமே அவ்வளவு இருந்தன. இன்னொருவருடையவை பத்து அங்குலம். மூன்றாமவருடையவை 9½ அங்குலம். நான்காமவருடைய கட்டங்களோ நடுவில் சரியாகவும், ஓரங்களில் அப்பளம் போல் நெளிந்தும் இருந்தன.

நால்வரும் ஒரே அளவில் பட்டைகளை வெட்டியிருந்தோம். பிறகு இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது? துணியின் மேலும் இயந்திரத்தின் மேலும் மாறி மாறிப் பழி சுமத்திக்கொண்டிருந்த வேளையில், எங்களுள் ஒருவரின் தந்தையார் அருகே வந்து அமர்ந்தார். ஆயுள் முழுவதும் மரவேலை செய்தவர். மகளைப் பார்ப்பதற்காகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஒரு கட்டத்தைப் புரட்டி, பின்புறத் தையல்களைத் தம் மடக்கு அளவுகோலால் அளந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, துணியிலே குத்தம் இல்லே. இணைப்பிலேதான் இருக்கு. ரெண்டு நூல் பிடிக்க வேண்டிய இடத்திலே ரெண்டரை நூல் பிடிச்சிருக்கீங்க. அரை நூல்தானேன்னு தோணும். ஒரு இணைப்புன்னா ரெண்டு துணியிலேயும் அரை நூல் போகுது. அப்போ ஒரு நூல். இந்தக் கட்டத்துக்குக் குறுக்கே எட்டு இணைப்பு. எட்டு நூல் போச்சு. எட்டு நூல்னா என்ன? ஒரு அங்குலம்!"

தச்சர் வழக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது நேயர்கள் அறிந்ததே. தையல் ஓரம் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். அரை நூல் மிகுதியாகப் பிடித்தவருக்கு ஓர் அங்குலம் குறைந்து, 9½ ஆயிற்று. கால் நூல் மிகுதியாகப் பிடித்தவருக்கு அரை அங்குலம் குறைந்து, பத்து ஆயிற்று. கணக்கு அணுவளவும் பிசகவில்லை.

பெரியவர் எழுப்பிய அடுத்த கேள்விதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. "தைச்சுக்கிட்டு வர்றபோதே தெரியலையா?" என்றார். தெரியவில்லை. காரணம் இதுதான்: நாங்கள் நீளமான பட்டையைக் கட்டத்தின் மேல் வைத்துத் தைத்தோம், தைத்த பின் மிஞ்சிய நுனியைக் கத்தரித்துவிட்டோம். கட்டம் சுருங்கச் சுருங்க, பட்டையும் அதற்கேற்பக் குறுகி வெட்டுப்பட்டது. ஒவ்வொரு முறையும் நுனிகள் பொருந்தியே நின்றன. எங்கள் பிழையை எங்கள் கத்தரியே மறைத்துக்கொண்டு வந்தது!

ஆகவே, லாக் கேபின் கட்டத்தைப் பிழையின்றித் தைக்க விரும்புவோர் முதலாவதாகக் கைக்கொள்ள வேண்டிய விதி இது: ஒவ்வொரு பட்டையையும் தைப்பதற்கு முன்னரே அதற்குரிய நீளத்தில் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு வெட்டிய பட்டை ஒரு சாட்சி. அது நீண்டு நின்றால் கட்டம் சுருங்கிவிட்டது என்று பொருள். குறைந்து நின்றால் கட்டம் பெருத்துவிட்டது என்று பொருள். பிழை பிறந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

அந்த அளவுகளை இப்போது சொல்கிறோம். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம். தைத்து முடிந்த பின் நடுச்சதுரம் இரண்டு அங்குலமும், பட்டை ஓர் அங்குல அகலமும் இருப்பதாகக் கொள்வோம். இரு புறத் தையல் ஓரத்துக்காக அரை அங்குலம் சேர்த்து, நடுச்சதுரத்தை 2½ அங்குலமாகவும், பட்டைகளை 1½ அங்குல அகலமாகவும் வெட்ட வேண்டும். முதற் சுற்றுப் பட்டைகளின் நீளம் முறையே 2½, 3½, 3½, 4½. இரண்டாம் சுற்று 4½, 5½, 5½, 6½. மூன்றாம் சுற்று 6½, 7½, 7½, 8½. நான்காம் சுற்று 8½, 9½, 9½, 10½. ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டும் வெளிர்நிறம். பின் இரண்டும் அடர்நிறம். ஒரு சுற்றின் கடைசிப் பட்டையின் நீளமே அடுத்த சுற்றின் முதற் பட்டைக்கும் உரியது என்பதை நினைவில் வைத்தால், இந்த வரிசை தானே மனத்தில் பதிந்துவிடும்.

ஒரு கட்டத்துக்கு வெளிர்நிறப் பட்டை 48 அங்குலமும் அடர்நிறப் பட்டை 56 அங்குலமும் செல்லும். பதினாறு கட்டங்களுக்கு முறையே 768, 896 அங்குலம். ஐந்தரை மீட்டர் புடவையின் நீளம் சுமார் 216 அங்குலம். ஆகவே புடவையின் முழு நீளத்துக்கு வெட்டிய பட்டைகளாகக் கணக்கிட்டால், வெளிர்நிறத்தில் நான்கும் அடர்நிறத்தில் ஐந்தும் வேண்டும். சேதாரத்துக்காக ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி வைத்துக்கொள்வது நன்று.

இனித் துணியை ஆயத்தம் செய்யும் முறை. பழைய புடவை முன்னரே பல முறை துவைக்கப்பட்டது; இனிச் சுருங்காது. அதனுடன் புதுத் துணியைக் கலப்பதாயின், புதியதைத் துவைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். சாயம் போகும் துணியை ஒதுக்குக. புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை நைந்த பகுதிகளைக் குறித்து விலக்குக. பிறகு, நம் வீடுகளில் என்றும் உள்ள ஒரு பொருள் பேருதவி செய்கிறது, அதுதான் கஞ்சி. நீர்த்த கஞ்சியில் தோய்த்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட துணி கத்திக்கும் ஊசிக்கும் அடங்கி நிற்கும். தளர்ந்த துணி கையிலேயே இழுபட்டு அளவு மாறும்.

அடுத்தது, எப்பக்கமாக வெட்டுவது என்பது. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு அதிகம் இழுபடாது. ஊடை சற்று இழுபடும். மூலைவாட்டமாகப் பிடித்தாலோ ரப்பர் போல் நீளும். எனவே பட்டைகளைப் பாவின் போக்கில், அதாவது புடவையின் நீளவாக்கில் வெட்டுதல் வேண்டும். எங்களுள் நான்காமவருடைய கட்டங்கள் அப்பளம் போல் நெளிந்ததற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. அவர் ஊடைவாக்கில் வெட்டிய பட்டைகளை, தைக்கும்போது தம்மை அறியாமல் இழுத்துப் பிடித்திருக்கிறார். இழுத்துத் தைத்த பட்டை பிறகு தன் நிலைக்குத் திரும்ப முயலும். அம்முயற்சியில் துணி மட்டமாகப் படியாமல் நெளிந்துவிடும்.

துணியைக் கிழித்துப் பட்டை எடுப்பது சிலருடைய பழக்கம். விரைவில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் கிழித்த ஓரம் சுருண்டும் இழுபட்டும் இருக்குமாதலால் அளவுக்கு உதவாது. கத்தரியால் வெட்டுவோர் சாக்குக்கட்டியைக் கூராகச் சீவிக்கொண்டு கோடிட வேண்டும். மழுங்கிய கட்டியின் கோடு ஒன்றே அரை நூல் தடிமன் இருக்கும்! ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட, சக்கரம் போல் உருளும் கத்தியையும் தடித்த கண்ணாடி போன்ற அளவுகோலையும் இன்று பலர் பயன்படுத்துகின்றனர். நேர்த்தியாக வெட்டுவதற்கு அதனினும் சிறந்த கருவி இல்லை. ஆயினும் அது சவரக்கத்தி போன்ற கூர்மையுடையது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் உறையை மூடுவது அவசியம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி இயந்திரத்தை அளவுக்குக் கொண்டுவருவோம். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் விளிம்பு ஊசியிலிருந்து கால் அங்குலத் தொலைவில் இருக்கும் என்று பலரும் நம்புகின்றனர். இயந்திரத்துக்கு இயந்திரம் அது மாறும். எங்கள் நால்வருக்கும் நான்கு வித அளவு வந்ததற்குக் காரணம் இந்த நம்பிக்கையே. கட்டம் போட்ட வரைபடத்தாளில், ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் உள்ள கோட்டின் மேல் ஊசி இறங்குமாறு சக்கரத்தைக் கையால் சுழற்றி ஊசியை இறக்குங்கள். தாளின் ஓரம் எங்கே நிற்கிறதோ, அதையொட்டித் தகட்டின் மேல் ஒட்டு நாடாவை நான்கைந்து மடிப்பாக ஒட்டுங்கள். துணியைத் தள்ளும் பற்களின் மேலும், அடிநூல் வைக்கும் மூடியின் மேலும் நாடா படியலாகாது. இனித் துணியின் ஓரம் அந்த நாடாவை உரசிக்கொண்டு செல்லட்டும். கண் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை; நாடாவின் ஓரத்தைப் பார்த்தால் போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடும்போது, அந்த மடிப்பின் வளைவே துணியில் ஓரிரு இழையை விழுங்கிவிடும். ஆதலால் முழுக் கால் அங்குலம் பிடிக்காமல், ஓர் இழை குறைத்துப் பிடிக்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று அறிவது எளிது. 1½ அங்குல அகலமுள்ள பட்டைகள் மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். மொத்த அகலம் 3½ அங்குலமும், நடுப்பட்டை துல்லியமாக ஓர் அங்குலமும் இருந்தால் உங்கள் இயந்திரம் அளவுக்கு வந்துவிட்டது. குறைந்திருந்தால் நாடாவை ஊசிப் பக்கம் மயிரிழை நகர்த்துங்கள். கூடியிருந்தால் அப்பால் நகர்த்துங்கள். சோதனைக்கு வேண்டாத துணியையே பயன்படுத்துங்கள். ஆனால் புடவைத் துணியின் தடிமனை ஒத்ததாக அது இருக்கட்டும். மெல்லிய பழந்துணிக்குப் பதினோராம் எண் ஊசி ஏற்றது. அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் விழுந்தால் போதுமானது. கைத்தையல் செய்வோர் துணியின் பின்புறம் கால் அங்குலத்தில் பென்சிலால் கோடிட்டு, அக்கோட்டின் மேலேயே தைத்தால் இதே துல்லியத்தைப் பெறலாம்.

தைக்கும்போது பட்டை அடியிலும் கட்டம் மேலுமாக இருக்கட்டும். அப்போதுதான் முந்தைய தையல்களின் ஓரங்கள் மடங்கிவிடாமல் நம் கண்ணெதிரே செல்லும். இரு நுனியும் நடுவும் பொருந்துமாறு மூன்று குண்டூசி குத்திக்கொள்க. எப்பக்கத்தில் அடுத்த பட்டையை வைப்பது என்ற குழப்பம் புதியவர்களுக்கு ஏற்படும். முதற் சுற்று முடிந்த பின் இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. கட்டத்தின் நான்கு ஓரங்களில், எந்த ஓரத்தில் இரண்டு தையல்கள் வந்து முடிகின்றனவோ, அந்த ஓரமே அடுத்த பட்டைக்கு உரிய இடம்.

ஒவ்வொரு பட்டையும் தைத்தவுடன் இஸ்திரி போட வேண்டும்; பிறகு சேர்த்துப் போடலாம் என்று விடலாகாது. முதலில் தைத்தபடியே தையலின் மேல் ஒரு முறை அழுத்துக. அடுத்து விரித்து, தையல் ஓரத்தைப் புதிய பட்டையின் பக்கமாக, அதாவது வெளிநோக்கி மடித்து அழுத்துக. பெட்டியைத் தூக்கி வைத்துத் தூக்கி எடுக்க வேண்டுமேயன்றி, சட்டைக்குத் தேய்ப்பது போல் முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் துணி நீண்டு, கட்டம் கோணும்.

ஒரு சுற்று முடிந்ததும் அளவுகோலை எடுங்கள். முதற் சுற்றின் முடிவில் 4½, பிறகு 6½, அதன்பின் 8½, இறுதியில் 10½ அங்குலச் சதுரம் வர வேண்டும். ஒரு நூல் பிசகியிருந்தாலும் அந்தச் சுற்றை அப்போதே பிரித்துச் சரிசெய்க. நான்கு தையலைப் பிரிப்பது கால் மணி வேலை. பதினாறு கட்டங்களைப் பிரிப்பது என்ன வேலை என்பதை நாங்கள் அறிவோம். மாதிரிக்கு ஒரு கட்டத்தை முழுதும் முடித்து, அளந்து, மனம் நிறைந்த பின்னரே மற்றவற்றைத் தொடங்குவது அறிவுடைமை.

வழுக்கும் பட்டுத் துணியையோ மிகவும் மெலிந்த துணியையோ பயன்படுத்த விரும்புவோருக்குப் பழைய அமெரிக்க முறை ஒன்று கைகொடுக்கும். மல்துணியைக் கட்டத்தின் அளவுக்கு வெட்டி, மூலைக்கு மூலை இரு கோடிட்டு, அவை வெட்டும் இடத்தில் நடுச்சதுரத்தைப் பொருத்தி, பட்டைகளை அந்த அடித்துணியோடு சேர்த்தே தைப்பது அம்முறை. கோடுகளை முன்னரே வரைந்துவிட்டால் பட்டை விலக வழியில்லை. ஆனால் ஓர் அடுக்குத் துணி கூடுவதால் போர்வை கனத்து, பஞ்சு வைத்து நூலோட்டுவது கடினமாகும். இவ்விதம் தைத்த பழைய போர்வைகள் பலவற்றில் நூலோட்டாமல், ஆங்காங்கே முடிச்சிட்டு மட்டுமே அடுக்குகளைப் பிணைத்திருக்கின்றனர்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே நிறத்தைவிட அதன் ஒளியும் இருளுமே முக்கியம். பச்சையும் சிவப்பும் வேறு நிறங்களாயினும் ஒரே அடர்த்தி உடையனவாக இருக்கக்கூடும். அவற்றை எதிரெதிரே வைத்தால் கோலம் எழாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். அல்லது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எவை ஒளிப் பக்கம், எவை நிழற் பக்கம் என்பது விளங்கிவிடும்.

இவ்வளவு கண்டிப்பும் எதற்கு, கை போன போக்கில் தைத்தால் அழகு வராதா என்று சிலர் வினவக்கூடும். வரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் அமைந்த 'ஜீஸ் பெண்ட்' என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், உழைத்து நைந்த உடைகளைக் கொண்டு தைத்த போர்வைகளே அதற்குச் சான்று. லாக் கேபினை ஒத்த அமைப்பொன்றை 'வீட்டுக்கூரை' என்று பொருள்படும் பெயரால் அவர்கள் தைத்தனர். கோடுகள் சாயும், பட்டைகள் அகன்றும் குறுகியும் போகும். அப்போர்வைகள் 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிசாலையில் வைக்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் தலைகளில் இடம்பெற்றன. அளவுகோலுக்கு அடங்காத அந்த அழகை மறுப்பார் யார்? ஆனால் அந்தச் சாய்வு, துணியையும் கையையும் நன்கு அறிந்த ஒருத்தி தானே தேர்ந்துகொண்ட சாய்வு. எங்கள் கட்டங்களின் கோணல் நாங்கள் தேர்ந்தது அன்று; எங்களுக்குத் தெரியாமலே நேர்ந்தது. மேலும், நால்வர் நான்கு வீடுகளில் தைத்தவை ஓரிடத்தில் வந்து பொருந்த வேண்டுமாயின், நால்வருக்கும் பொதுவான ஓர் அளவு இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் போர்வை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வார காலம் பிளேடால் தையல்களைப் பிரித்தோம். பழந்துணியாதலால் சில பட்டைகள் ஊசித் துளைகளின் வழியே கிழிந்தன. மிஞ்சியதாக எண்ணி நாங்கள் முன்னரே கத்தரித்து எறிந்த நுனிகளோ திரும்பி வரவில்லை. வெளிச்சுற்றுக்குப் போதாத பட்டைகளை உட்சுற்றுகளுக்குக் குறுக்கி வெட்டினோம். வெளிச்சுற்றுக்கு வேண்டிய துணிக்காக ஒருவருடைய தாயாரின் ஊதா நிறப் புடவையை முந்தானை வரை வெட்ட நேர்ந்தது. முந்தானையை மட்டுமாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் முதலில் சொல்லியிருந்தார். கத்தரியை அவரே வாங்கி அவரே வெட்டினார். அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. அவ்வளவு செய்தும் பதினாறு கட்டங்களுக்குப் பன்னிரண்டே தேறின. நாற்பதுக்கு நாற்பது என்று திட்டமிட்ட போர்வை, முப்பதுக்கு நாற்பதாக முடிந்தது. கடையில் வாங்கிய துணியாயிருந்தால் இன்னும் ஒரு மீட்டர் வாங்கியிருப்போம். அந்தப் புடவைகளை விற்கும் கடை எதுவும் இல்லை.

குழந்தைக்கு அப்போர்வை இப்போதைக்குப் போதுமானதாகவே இருக்கிறது. கால் நீண்டதும் போதாமற் போகும்.

ஆகையால், பெட்டியைத் திறந்து அம்மாவின் புடவையை வெளியே எடுக்கும் நேயர்களை நாங்கள் வேண்டிக்கொள்வது இவ்வளவே. புடவையில் கத்தி படுமுன், வேண்டாத துணியில் ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றை வெட்டுங்கள். தையுங்கள், மடித்து அழுத்துங்கள், அளந்து பாருங்கள். மூன்றரை அங்குலம் சரியாக வரும்வரை புடவை மடித்தபடியே இருக்கட்டும்.